புனிதரின் ரொட்டியும் வாவாவின் பல்லும்

காட்சிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். பொருளைத் தூக்குவது எப்படி, அறையில் ஈரப்பதம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் தடிப் புத்தகத்தில் இருக்கிறது. அதையே நானும் எழுதினால் உங்களுக்கும் தூக்கம் வரும், எனக்கும் வரும். ஆகவே புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

பர்மிய மொழியில் ஏற்கெனவே இதை எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் ஒரு விஷயத்தை நாகரிகமாக விழுங்கிவிட்டேன். சேர்ந்த ஆறு பேரில் மூன்று பேர் தமிழ்ப் பிள்ளைகள் என்று கேள்விப்பட்டதும் மனசு உறுத்தியது. நம் வீட்டுப் பிள்ளைகளிடம் மறைப்பானேன் என்று முழுசாக இங்கே எழுதுகிறேன். தமிழ் வாசிக்கத் திணறினால் வீட்டில் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கும் வராது என்றால் உங்கள் வீட்டில் யாரையாவது ஞாயிற்றுக்கிழமை என்னிடம் அனுப்புங்கள், பாடம் எடுக்கிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. அருங்காட்சியகத்தில் எல்லோருக்கும் நான் டோ ஸ்டெல்லா; இங்கே மூத்த பெண்களை டோ என்றும் இளையவர்களை மா என்றும் கூப்பிடுவது மரியாதை. அப்பா யாங்கூன் துறைமுகத்தில் குமாஸ்தா. கன்னியாஸ்திரீகளிடம் படித்ததால் எனக்கு ஆங்கிலம் வந்தது. அந்த ஆங்கிலத்தால்தான் வேலையும் கிடைத்தது, இந்த வம்பும் வந்தது.

கடல் தாண்டி, இன்னொரு துறைமுக நகரத்தில் ஒரு தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. ஐரோப்பாவும் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள ஊர்களும் எப்படி வாழ்ந்தன என்று காட்டுவது அதன் வேலை. ராஜா வைத்த கிரீடம், ராணி போட்ட செருப்பு எதுவும் அவர்களுக்கு வேண்டாம். ஆட்டுக் கழுத்து மணி, மீன் வலை, கல்யாணக் குடம், திருவிழா முகமூடி, சாமி கும்பிட்ட சாமான் என்று சாதாரண சனங்கள் புழங்கியதைத்தான் அங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதில் கொஞ்சத்தை மூன்று மாதத்துக்கு நமக்கு இரவல் தந்தார்கள். பெட்டிகளைத் திறந்தபோது நம் தச்சர் ஆறுமுகம் ஒரு மர அகப்பையைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"அக்கா, இது எங்க வீட்டு அடுப்பாங்கரையில கெடக்குதே. இதுக்கா பிளேன் டிக்கெட்டு?"

பொருள்களோடு அந்த அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண்மணியும் வந்திருந்தார். நாங்கள் மதாம் என்று கூப்பிட்டோம். ஒவ்வொரு பொருளுக்கும் நிலை அறிக்கை என்று ஒரு கட்டுத் தாள் வைத்திருந்தார். எங்கே கீறல், எங்கே விரிசல், எந்த மூலையில் பூச்சி அரித்திருக்கிறது என்று எல்லாம் படத்தோடு இருக்கும். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை டார்ச் விளக்கை அடித்துப் பார்த்துச் சரிபார்ப்பார். ஒரு ரொட்டிக்கு மட்டும் நான்கு பக்கம். ஆஸ்பத்திரியில் என்னுடைய கோப்பே இரண்டு பக்கம்தான்.

நம் கதை அந்த ரொட்டியைப் பற்றியது. ஏதோ ஒரு தீவில், திருவிழா நாளில் புனிதர் சிலைக்கு முன்னால் படைக்கச் சுட்ட ரொட்டி. வளையமாக, வளையத்தின் மேல் மாவிலேயே செய்த ஒரு குருவியோடு இருந்தது. என்னைவிட மூத்தது. மேலே மெழுகு எண்ணெய் ஏதோ பூசியிருந்ததால் பளபளவென்று நேற்றுச் சுட்டது போலத் தெரியும். தொட்டால் செங்கல். அதே தீவிலிருந்து வந்த மரத்தாலான புனிதர் ஒருவரும் இருந்தார். மூக்கு தேய்ந்து, பெயரும் தேய்ந்து, குறிப்புச் சீட்டில் 'பெயர் அறியாத புனிதர்' என்று போட்டிருந்தது. அந்த ஊர் வழக்கப்படி புனிதரைப் பீடத்தில் நிறுத்தி, அவர் காலடியில் ஒரு தட்டில் ரொட்டியை வைக்கச் சொன்னார் மதாம். தட்டு நம்முடையது.

இரண்டையும் சேர்த்து மூட ஒரு கண்ணாடிப் பெட்டி வர வேண்டும். மிங்கலாடோனில் ஒரு பட்டறையில் சொல்லியிருந்தோம். செவ்வாய்க்கிழமை காலை வரும் என்றார்கள். செவ்வாய் வந்தது, கண்ணாடி வரவில்லை. பதினொரு மணிக்கு மதாம் சாப்பிடப் போனார். போகும்போது, "கண்ணாடி வரும்வரை ஒரு நிமிடம்கூட இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது" என்று சொல்லி என்னிடம் ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். நானும் ஜம்மென்று போட்டுக் கொடுத்தேன்.

இனிமேல் வருவதுதான் நான் பர்மியத்தில் விழுங்கியது. செவ்வாய்க்கிழமை என்றால் மாதா கோயிலுக்குப் பூ வாங்கிப் போவது என் சின்ன வயசுப் பழக்கம். அன்றும் சிக்னலில் கார்களுக்கு நடுவே விற்ற பிள்ளையிடம் ஒரு முழம் மல்லிகை வாங்கிப் பையில் வைத்திருந்தேன். கூடத்தில் யாரும் இல்லை. எதிரே ஒரு புனிதர், பெயர்கூட இல்லாமல், ஊர் விட்டு ஊர் வந்து நிற்கிறார். எனக்குப் பாவமாக இருந்தது. 'சாமி, கண்ணாடி சீக்கிரம் வரட்டும்' என்று சொல்லி, மல்லிகைச் சரத்தை அவர் காலடியில், ரொட்டித் தட்டை ஒட்டி வைத்துவிட்டேன்.

காட்சிப் பொருளுக்குப் பக்கத்தில் பூ வைப்பது நம் தொழிலில் எவ்வளவு பெரிய பாவம் என்று தடிப் புத்தகத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது. பூவில் ஈரம், பூவில் பூச்சி. அந்த அத்தியாயத்தைப் பர்மியத்தில் மொழிபெயர்த்தவள் நான்தான்.

பதினொன்றரைக்குப் பட்டறையிலிருந்து போன் வந்தது. கூடத்துக்குள் பேசினால் பாதிதான் கேட்கும். வாசல் கேட்டுக்குப் போனால்தான் சிக்னல் கிடைக்கும். வண்டி ஓட்டுபவருக்கு வழி சொல்லப் போனேன். அவர் நான் சொன்ன வழியை விட்டு எல்லா வழியிலும் போனார். எனக்குக் கோபம் வந்து கத்தினேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் முதல் மேற்பார்வையாளர் ஒன்றே ஒன்றுதான் சொல்லிக் கொடுத்தார்: "கக்கூசுக்குப் போனாலும் ஒரு ஆளை நிறுத்திட்டுப் போ." நான் ஆளை நிறுத்தவில்லை. நிறுத்த ஆளைத் தேடினால் போன் கட்டாகிவிடும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தேன். புனிதர் நிற்கிறார். காலடி காலி. ரொட்டி இல்லை, தட்டு இல்லை, மல்லிகையும் இல்லை. பீடம் ஈரத்துணியால் துடைத்துப் பளிச்சென்று இருந்தது.

துடைத்தது மா தீதா. கூடத்தைப் பெருக்கித் துடைக்க லைங் தாயாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். அதற்கு முன் அங்கே ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அதை மூடிவிட்டார்கள். இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் இவள் சம்பளம்தான் சோறு. சத்தம் போட்டுப் பேச மாட்டாள், என்னை டீச்சரம்மா என்கிற மரியாதையில் சயாமா என்பாள். நடைபாதையில் தட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தவளிடம் ஓடினேன்.

"மா தீதா, அந்த ரொட்டி எங்கே?"

"எடுத்துட்டேன் சயாமா. மணி பன்னெண்டு ஆகப் போகுது, யாரும் எடுக்கலையேன்னு பார்த்தேன். தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டு, முறையா அனுமதி கேட்டுத்தான் எடுத்தேன்."

இந்த ஊரில் பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புத்தருக்கு முன் காலையில் வைத்த சோற்றை உச்சிப் பொழுதுக்குள் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் வைத்திருந்தால் அவமரியாதை. எடுத்ததை வாயில்லா ஜீவனுக்கு வைத்தால் புண்ணியம். மா தீதா பார்த்தபோது எதிரே ஒரு சிலை, முன்னால் தட்டில் பண்டம், பக்கத்தில் புதுப் பூ. சோம்பேறிகள் படைத்துவிட்டு எடுக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். பூ மட்டும் இல்லாமல் இருந்தால் அவளுக்குச் சந்தேகமாவது வந்திருக்கும்.

"எடுத்து எங்கே வச்சே?"

"பின்சுவர் மேல சயாமா. காக்காய்க்கும் வாவாவுக்கும்."

வாவா என்பது வளாகத்து நாய். மஞ்சள் நிறம், அதனால் அந்தப் பெயர். இந்த ஊரில் பெண்களுக்கும் அந்தப் பெயர் உண்டு, அது உங்களுக்குத் தெரியும். அது நாயின் பெயர் என்பது மட்டும் வெளிநாட்டில் யாருக்கும் தெரியாது, அது பிறகு வருகிறது.

பின்பக்கம் ஓடினோம். சுவரில் நான்கு காகங்கள் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தன. கொத்திப் பார்த்து அலகு வலித்திருக்க வேண்டும், முகத்தில் அப்படி ஒரு வெறுப்பு. கீழே வாவா, அந்தத் தேசிய அருங்காட்சியகத்தின் ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு எங்களைப் பார்த்தது. நான் "ஐயோ" என்றதுதான் தாமதம், விளையாடக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து எடுத்தது ஓட்டம். ஜெனரேட்டரைச் சுற்றி இரண்டு தடவை, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஒரு தடவை. கடைசியில் உதவி இயக்குநரின் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

சத்தம் கேட்டு ஓடி வந்த ஆறுமுகம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் தலையை விட்டார்.

"அக்கா, யாபாதே, பதறாதீங்க. ரொட்டி முழுசா இருக்கு. குருவியும் இருக்கு."

யாபாதே என்றால் பரவாயில்லை என்று அர்த்தம். எனக்குத்தான் எதுவுமே பரவாயில்லை என்று தோன்றவில்லை.

"இழுக்காதே ஆறுமுகம். இழுத்தா உடைஞ்சிரும்."

"இழுக்கல. யாவாரம்தான் பண்ணணும். டீக்கடையில போய் ரெண்டு இக்யாக்வே வாங்கியாரச் சொல்லுங்க."

எண்ணெயில் பொரித்த இக்யாக்வே வந்தது. ஆறுமுகம் ஒன்றைப் பிட்டு வாவாவின் மூக்குக்கு முன் ஆட்டினார். வாவா யோசித்தது. ஒரு பக்கம் நூறு வருஷம் கடித்தாலும் தீராத செங்கல், மறு பக்கம் சூடான பலகாரம். கொஞ்ச நேரம் இரண்டையும் வைத்துக்கொள்ளப் பார்த்தது. அந்த நேரத்தில் நான் எத்தனை புனிதர்களைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் ரொட்டியைப் போட்டுவிட்டு இக்யாக்வேயை எடுத்துக்கொண்டது.

ரொட்டியைத் துணியில் ஏந்திப் பார்த்தோம். வளையத்தில் இரண்டு பல் தடம். குருவிக்கு வால் இல்லை. காருக்கு அடியில், தொட்டிக்கு அருகில், ஜெனரேட்டரைச் சுற்றி எல்லாம் முட்டி போட்டுத் தேடினோம். வால் வாவாவின் வயிற்றுக்குள் போயிருந்தது.

அதற்குள் உதவி இயக்குநர் வந்துவிட்டார். பெயர் வேண்டாம், அவருடைய பேரப்பிள்ளைகள் இதைப் படிக்கலாம். எல்லாவற்றையும் தாளில் முடிப்பதில் அவர் கெட்டிக்காரர். முதலில், முப்பத்தெட்டாம் தெருவில் தெரிந்த பேக்கரி இருக்கிறது, இதே மாதிரி ஒன்று சுட்டு வார்னிஷ் அடித்துவிடலாமா என்று கேட்டார். நான்கு பக்க அறிக்கையை நான் நீட்டியதும் அந்த யோசனையை விட்டார். அடுத்த யோசனை சீக்கிரமே வந்தது. மா தீதாவை அன்றே வேலையிலிருந்து நீக்குவதாக ஒரு கடிதம் எழுதினார். மதாம் வரும்போது குற்றவாளியும் தண்டனையும் தயாராக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அதன் கீழே சாட்சியாக என் கையெழுத்து வேண்டும்.

"எழுதுங்க டோ ஸ்டெல்லா. நீங்க கூடத்துலதான் இருந்தீங்க, உங்க கண் எதிர்லயே இவ எடுத்துட்டுப் போயிட்டா, தடுக்க முடியல. அவ்வளவுதான்."

மா தீதாவிடம் திரும்பினார். "காட்சிப் பொருளைப் போய்ப் படையல்னு எப்படி நினைச்சே? சொல்லு."

மா தீதா என்னைப் பார்த்தாள். அந்த மல்லிகை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். காலையில் பையில் வைத்திருந்தபோது வாசனை நன்றாக இருக்கிறது என்று சொன்னவளே அவள்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் வேலை தப்பித்துவிடும். தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாம எடுத்துட்டேன் சயா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

உண்மையைச் சொல்கிறேன் பிள்ளைகளே, அந்த நேரத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஓய்வுபெற எனக்கு நான்கு வருஷம் பாக்கி. பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். அப்போது மதாம் உள்ளே வந்தார், கையில் ஒரு பை மங்குஸ்தானோடு. எல்லோருடைய முகத்தையும் பார்த்தார், துணியில் இருந்த ரொட்டியைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

உதவி இயக்குநருக்கு ஆங்கிலம் வராது, மதாமுக்குப் பர்மியம் வராது. நடுவில் நான். "எலி இழுத்துட்டுப் போச்சுன்னு முதல்ல சொல்லிப் பாருங்க. நம்பலைன்னா இவ பேரைச் சொல்லுங்க" என்றார் அவர். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் மா தீதா இன்னும் அந்தக் கழுவிய தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள், அதுவும் உடைந்துவிடக் கூடாது என்று. அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

போனுக்குப் போனதைச் சொன்னேன். இருபது நிமிடம் என்பதையும் சொன்னேன். பூ வைத்ததைச் சொன்னேன், பூ வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். பூவைப் பார்த்ததால்தான் இந்தப் பெண் படையல் என்று நினைத்தாள், தப்பு அவளுடையது இல்லை, கடித்தது வளாகத்து நாய் என்றேன். ஆங்கிலத்தில் முடித்துவிட்டு அதையே பர்மியத்திலும் சொன்னேன். உதவி இயக்குநர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

மதாம் கையுறை போட்டார். டார்ச்சை அடித்து ரொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பல் தடத்தை அளந்தார். பிறகு புனிதரிடம் போனார், அவர் பாதத்துக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஒரு மல்லிகை இதழை இடுக்கியால் எடுத்து, சின்ன உறையில் போட்டு, மேலே எண் எழுதினார். பிறகு அறிக்கையில் புதிதாக ஒரு தாளைச் சேர்த்தார். 'சேதம் விளைவித்தவர் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது.

"என் பெயரை எழுதுங்கள்" என்றேன்.

"நீங்கள் கடித்தீர்களா?"

"இல்லை."

"இந்தப் பெண் கடித்தாரா?"

"இல்லை."

"கடித்தது யார்?"

"வாவா."

வாவா என்று எழுதினார். எழுத்துக் கூட்டிச் சரிபார்க்கச் சொன்னார். சிரிக்கவே இல்லை. உதவி இயக்குநர் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார். பிறகு மதாம் எங்கள் எல்லோருக்கும் மங்குஸ்தான் கொடுத்தார். சாயங்காலம் கண்ணாடி வந்தது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, என் கோப்பில் இன்னும் இருக்கிறது. மா தீதாவின் கடிதத்தை உதவி இயக்குநர் கிழிக்கவில்லை. மேல்நாட்டிலிருந்து பதில் வரட்டும் என்று மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு நாளில் மதாம் ஊருக்குப் போய்விட்டார். அதற்கடுத்த நாள் அவர்களுடைய காப்புறுதிப் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அந்தப் பிரிவில் இருப்பவர்கள் மதாமைப் பார்ப்பதுகூட இல்லை போலும், தாளைத்தான் பார்ப்பார்கள். வாவா என்ற ஊழியருக்குக் காட்சிப் பொருள்களிடம் எப்படி நடந்துகொள்வது என்பதில் உடனே பயிற்சி தர வேண்டும், பயிற்சி அளித்தவர் பெயரோடும் முத்திரையோடும் சான்றிதழ் வர வேண்டும், வராவிட்டால் கண்காட்சியைத் திறக்க அனுமதியில்லை என்று எழுதியிருந்தார்கள். திறப்பு விழாவுக்கு ஐந்து நாள் இருந்தது. அழைப்பிதழ் எல்லாம் கொடுத்தாயிற்று.

"நாய்னு எழுதிடலாமா?" என்று உதவி இயக்குநர் கேட்டார்.

"எழுதலாம் சயா. பொருள் வச்ச இடத்துல நாய் நடமாடுதுன்னு எழுதினா, பெட்டியைக் கட்டி அனுப்பச் சொல்லிருவாங்க" என்றேன்.

"பொய் எழுத முடியாதே."

"பொய் எதுக்கு சயா? பயிற்சியே குடுத்துருவோம்."

வாவா யார் சொல்லையும் கேட்காது, ஒருத்தி சொல்லைத் தவிர. தினமும் சோறு வைப்பவள் அவள்தானே. மா தீதா மூன்று நாள் பயிற்சி கொடுத்தாள். படியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. தட்டில் வைத்ததைத் தொடக் கூடாது. கையில் தந்தால்தான் வாங்க வேண்டும். வாயில் இருப்பதைக் கேட்டால் உடனே போட்டுவிட வேண்டும். ஆறுமுகம் பழைய ரொட்டிக்கு மரத்தில் ஒரு மாதிரி செய்து கொடுத்தார். உதவி இயக்குநர் கையில் தாளோடு நின்று ஒவ்வொன்றாகச் சரி போட்டார். மூன்றாம் நாள் வாவா எல்லாவற்றிலும் தேறியது. நம் ஊழியர்களில் சிலர் இன்றைக்கும் தேற மாட்டார்கள்.

சான்றிதழை நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். 'வாவாவுக்குக் காட்சிப் பொருள்களிடம் நடந்துகொள்ளும் முறையில் மூன்று நாள் பயிற்சி அளிக்கப்பட்டது. இப்போது வாவா எதையும் தொடுவதில்லை. பயிற்சி அளித்தவர்: மா தீதா.' ஒரு சொல்கூடப் பொய் இல்லை. உதவி இயக்குநர் முத்திரை குத்தினார். மறுநாளே திருப்தி என்று பதில் வந்தது. கண்காட்சி திறந்தது. வால் இல்லாத குருவியைப் பார்த்து, அந்த ஊர்க் குருவிக்கு வாலே கிடையாது போலிருக்கிறது என்று ஒரு பள்ளி ஆசிரியர் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் குறுக்கிடவில்லை.

அடுத்த வருஷம் காட்சிக்கூடப் பொறுப்பாளர் என்று ஒரு புது வேலை வந்தது. பொருளைக் கையாள்வதில் வெளிநாட்டு அருங்காட்சியகம் ஏற்றுக்கொண்ட பயிற்சியில் பங்கெடுத்திருக்க வேண்டும், அதற்குச் சான்று வேண்டும் என்று மேலிடத்தில் விதி போட்டிருந்தார்கள். பட்டம் வாங்கியவர்கள் எட்டுப் பேர் விண்ணப்பித்தார்கள். ஒருவரிடமும் அந்தச் சான்று இல்லை. மா தீதா விண்ணப்பிக்க மாட்டேன் என்று அழுதாள், நான்தான் படிவத்தை நிரப்பினேன். உதவி இயக்குநர் அவள் கோப்பைத் திறந்தார். ஒரு பக்கம் இழுப்பறையிலிருந்து எடுத்த, அவர் கைப்பட எழுதிய நீக்கக் கடிதம், அதில் சாட்சிக் கையெழுத்து இல்லை. மறு பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் ஏற்றுக்கொண்ட சான்றிதழ், அதில் அவருடைய முத்திரை. வெகுநேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"டோ ஸ்டெல்லா, பயிற்சி எடுத்தது நாய்னு இதுல சொல்லலையே" என்றார்.

"பயிற்சி குடுத்தது யார்னு இருக்கு சயா" என்றேன்.

நாளைக் காலை எட்டு மணிக்குக் கூடத்து வாசலில் உங்களை வரிசையாக நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, மோதிரம், வளையல், பூ எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொள்ளப் போகிற டோ தீதா அந்த மா தீதாதான். சத்தம் போட மாட்டார். ஆனால் கூடத்தை விட்டு நகராதே என்று அவர் சொன்னால் நகராதீர்கள். நான் நகர்ந்தபோது என்னைக் காட்டிக்கொடுக்காமல் தலைகுனிந்து நின்றவர் அவர்.